எழுபது கிலோவுக்கான ஸ்பிரிங்

பல்செட்காரர் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்து மூன்றாவது வயதில். அதற்கு முன் அவர் எதையும் ஓட்டியதில்லை. மிதிவண்டிகூடப் பின்சீட்டில்தான்.

அவர் வாங்கியது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று போதுமென்று கைகழுவிய வண்டி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே செய்த சின்ன பைக். ஊரில் பாதிப் பேர் அதிலிருந்து விழுந்து எழுந்துதான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் கண்ணாடியை இறக்கி, கூடப் படித்தவனைப் பார்ப்பதுபோல வண்டியைப் பார்ப்பார்கள். "இது இன்னும் உயிரோட இருக்கா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். பல்செட்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "இருக்கேன் சார்" என்றார்.

வண்டி பிரேக் பிடித்தால் முன்பக்கம் கும்பிட்டது. பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் ணங் என்று இடித்தது. தன் உடம்பைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. உடம்பு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கவலையெல்லாம் பெட்டியைப் பற்றித்தான்.

அவர் தொழில் பல்செட் செய்வது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பல் டாக்டர் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார். பல்செட்காரர் அந்த அச்சின்மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல் பல்லாக நட்டு, பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். டாக்டர் அதை நோயாளியின் வாயில் வைத்துப் பார்ப்பார். சரியென்று சொன்னால் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து கெட்டியாக வார்ப்பார். வார்த்த பிறகு அதைக் கல்லில் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதுவரை பற்கள் மெழுகின் தயவில்தான் நிற்கும். சாலையில் ஒரு குலுக்கல் போதும். யாரோ கூப்பிட்டதுபோல முன்பல் ஒன்று திரும்பிப் பார்த்துவிடும்.

தெருவில் போகும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வாயைத்தான் பார்ப்பார். அதனாலேயே பேச்சைக் கவனமாகக் கேட்கிற மனிதர் என்று அவருக்கு நல்ல பெயர். தபால்காரரை வழியில் கண்டால் அடையாளம் தெரியாது. தபால்காரர் சிரித்தால் தெரியும்.

முன்பு நாலைந்து கிளினிக்குகளுக்குச் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பெரிய லேபுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு டாக்டரம்மா. அவரிடம் இப்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் முழு செட் வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் தடவை வைத்துப் பார்த்தபோது பல்வரிசையின் நடு, மூக்கின் நடுவோடு சேரவில்லை. இரண்டாவது தடவை இடதுபக்கம் இறங்கிவிட்டது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நான் யாரைப் பாத்து இளிக்கிறேன்?" என்றார்.

டாக்டரம்மா பல்செட்காரரை வெளியே அழைத்துப் பேசினார்.

"வீட்லேருந்து கிளம்பும்போது நேராத்தான் இருந்துச்சு டாக்டர்."

"எல்லாரும் வீட்லேருந்து கிளம்பும்போது நேராத்தான் இருக்காங்க சார். இங்க வந்து சேரும்போது எப்படி இருக்காங்கங்கிறதுதான் கேள்வி."

பல்செட்காரர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை மூணாவது தடவை. அன்னிக்கும் கோணியிருந்தா நானும் பெரிய லேபுக்குப் போயிடுவேன். அவங்க கார்ல கொண்டு வர்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. அந்த டாக்டரம்மாவும் போய்விட்டால், அறை நிறையப் பற்களோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்பதைத் தவிர அவருக்கு வேறு பெயர் இருக்காது.

பஸ்ஸில் போய்ப் பார்த்தாயிற்று. கூட்டத்தில் ஒரு அம்மாள், "கொஞ்சம் வச்சுக்கோங்க" என்று குழந்தையைப் பெட்டிமேல் உட்காரவைத்தார். ஆட்டோ அதைவிட மோசம். வேகத்தடை என்பது மற்றவர்களுக்குப் போட்டது என்றே ஆட்டோக்காரர்கள் நினைத்தார்கள். ஆகவே பைக்தான். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவே இருந்த வேகத்தடைகளுக்கு அவர் தனக்குள் பெயர் வைத்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் இருப்பது முன்பல். மரக்கடைத் திருப்பத்தில் கூராக நிற்பது கோரைப்பல். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமல் போன வருடம் திடீரென்று முளைத்தது ஞானப்பல்.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக்குக்கு ரேஸ் என்று பெயர். ரேஸில் ஓடியதில்லை. ஆனால் எப்போது போனாலும் இப்போதுதான் ஜெயித்து இறங்கினவர்போல, கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசுவார்.

ரேஸ் வண்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் அமுக்கினார். வண்டி இறங்கியது. அப்படியே இருந்தது.

"பாருங்கண்ணா, உக்காந்துடுச்சு. எழுந்திருக்க மனசில்ல. இதெல்லாம் ஷாக் அப்சர்பரா? சைக்கிள் பம்ப்பு."

"சரி பண்ண முடியுமா?"

"சரி பண்றதெல்லாம் பேச்சே கிடையாது. மாத்திடுவோம். பெரிய வண்டியோட கேஸ் ஷாக் ஒரு ஜோடி வச்சிருக்கேன், மஞ்சள் ஸ்பிரிங். முன்னாடி ஃபோர்க்குல கெட்டி ஆயில். அப்புறம் பாருங்க, ரோடு இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது." கையுறையைக் கழற்றி முடித்தார். "ஆனா ஸ்பிரிங் ஆளோட எடைக்குப் போடணும். எத்தன கிலோ இருக்கீங்க?"

கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பார்சல் கொண்டுபோகும் ஒருவர் பஞ்சருக்காகக் காத்திருந்தார். ஒரு பெண் ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பல்செட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எடை நாற்பத்தாறு. கல்யாணத்துக்கு முன்னும் அதுதான், பின்னும் அதுதான். காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னவர்கள் உண்டு.

"எழுபது" என்றார். அது அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

ரேஸ் அவரை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். மிச்சத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடுவதுபோல இருந்தது.

"எலும்பு கனமோ?"

"பரம்பரை."

"தனியாத்தான் ஓட்டுவீங்களா, பின்னாடி ஆள் உண்டா?"

ஒன்று சொல்லியாயிற்று, இன்னொன்றுக்கு என்ன. "எப்பவும் ஆள் உண்டு" என்றார்.

"அப்ப ஃபுல் லோடு" என்று ரேஸ் மகிழ்ச்சியோடு உள்ளே போனார்.

மஞ்சள் ஸ்பிரிங் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வண்டி உயர்ந்து நின்றது. பல்செட்காரருக்குக் கால் விரல்தான் தரையைத் தொட்டது. சோதனைக்காகப் பழைய மெழுகு செட் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கிளம்பினார். முன்பல் வந்தது. அவர் ஏறவில்லை, வண்டி அவரை எறிந்தது. ஒரு கணம் அவருக்கும் சீட்டுக்கும் எந்த உறவும் இல்லை. கோரைப்பல்லில் ஹெல்மெட் ஒரு சுற்றுச் சுற்றி, பின்புறம் முகத்துக்கு வந்தது. ஞானப்பல் வரை போக அவருக்குத் தைரியம் வரவில்லை. ஓரமாக நிறுத்திப் பெட்டியைத் திறந்தார். போலீஸ் கலைத்த கூட்டம்போல ஆளுக்கொரு மூலையில் பற்கள் கிடந்தன.

திரும்பக் கடைக்குப் போனார். ரேஸ் தானே ஏறி, பார்சல்காரரைப் பின்னால் ஏற்றி, தெருக்கோடிவரை போய் வந்தார். இரண்டு பேரும் தொட்டிலில் இருந்து இறங்கினவர்கள்போல இறங்கினார்கள்.

"மெத்தைண்ணா. வண்டியில குத்தமே இல்ல."

"இன்னும் கொஞ்சம் இளக்க முடியாதா?"

"இருக்கிறதிலேயே இளசான திருப்புல வச்சிருக்கேன். இதுக்கு மேல எழுபது கிலோ ஆளுக்கு எதுக்கு?"

"பழைய ஷாக்கு இருக்கா?"

"அத அப்பவே பழைய இரும்புல போட்டாச்சு. அத நினைச்சு அழாதீங்க."

பல்செட்காரர் அழவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். ஸ்கூட்டர் பெண் இன்னும் அங்கேதான் இருந்தாள். மூடிக்கொண்டார்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. அவர் மனைவி பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் தொங்க, ஆண்டு முழுவதும் பிள்ளைகளை எடை பார்க்கிறவர். கணவர் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மஞ்சள் ஸ்பிரிங்கையும் பார்த்தார்.

"அவர்கிட்ட எத்தன கிலோன்னு சொன்னீங்க?"

"எழுபது."

மனைவி விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நல்ல வேளை, உயரம் கேக்கல" என்றார்.

மிச்ச இருபத்து நான்கு கிலோவை எங்கே தேடுவது என்று பல்செட்காரர் பட்டறையில் உட்கார்ந்து யோசித்தார். யோசித்துக்கொண்டே சாய்ந்திருந்தது பிளாஸ்டர் மாவு மூட்டைமேல். அச்சு வார்க்கும் வெள்ளை மாவு. மூட்டை இருபத்தைந்து கிலோ என்று அதன் முதுகிலேயே எழுதியிருந்தது. தனக்கு ஒன்று, பின்னால் உட்காராத ஆளுக்கு ஒன்று என்று இரண்டு மூட்டைகளைச் சீட்டில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். புதன்கிழமை ஓட்டிப் பார்த்தார். முன்பல்லில் வண்டி பணிவாக ஏறி இறங்கியது. கோரைப்பல்லில் கொஞ்சம் முனகியது. பெட்டிக்குள் பற்கள் ஏறக்குறைய வரிசையில் இருந்தன. இன்னும் ஒரு மூட்டை வைத்தால் சரியாகிவிடும் என்று சந்தோஷமாகத் திரும்பினார்.

பாதி வழியில் மழை பிடித்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி டீக்கடையில் ஒதுங்கினார். பெட்டி நனையவில்லை. டீயும் நன்றாக இருந்தது. இரண்டாவது டீ குடிக்கும்போதுதான் வண்டியின் பக்கம் பார்த்தார். ஒரு மூட்டையின் மூலை கிழிந்து, வெள்ளையாக வழிந்து, சீட்டையும் பின்கம்பியையும் கயிற்றையும் சேர்த்து மூடிக்கொண்டிருந்தது.

இருபது வருடமாகத் தினமும் தண்ணீர் ஊற்றி அந்த மாவைக் கல்லாக்குகிறவர் அவர். தண்ணீர் பட்டால் அது என்ன ஆகுமென்று அந்தத் தெருவிலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். மழையில் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. பிளாஸ்டர் இறுகும்போது அப்படித்தான் சுடும். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அந்தச் சூடு சொன்னது. நல்ல இறுக்கம், குமிழி இல்லை என்பதையும் அவர் தொழில் பழக்கத்தில் கவனித்தார்.

ரேஸ் உளியை வைத்துக்கொண்டு வெகுநேரம் வண்டியைச் சுற்றி வந்தார்.

"அண்ணா, இது என்ன?"

"பாரம்."

"பின்னாடி எப்பவும் ஆள் உண்டுன்னீங்களே. அது இவர்தானா?"

பார்சல்காரர் அன்றும் பஞ்சர். "உடைக்காதீங்க அண்ணே. பீடம் தயாரா இருக்கு, மேல ஒரு சிலை வச்சா போதும்" என்றார்.

உடைத்து எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. சீட்டின் அச்சு, தையல் உட்பட, பிளாஸ்டரில் துல்லியமாகப் பதிந்திருந்தது. பல்செட்காரர் அதை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

வியாழக்கிழமை தலைமையாசிரியரின் பற்களை மூன்றாவது முறையாக மெழுகில் நட்டார். நேராக இருந்தன. மறுநாள் காலை அவற்றை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சாதாரணமாகச் சொன்னார்.

"மாடியில என் தம்பி இருக்கானே."

பல்செட்காரர் தட்டைப் பார்த்தார்.

"தொண்ணூத்தாறு கிலோ. நானே எடை பாத்திருக்கேன். மழையில கரையமாட்டான். காலைல அவனுக்கு வேலையும் இல்ல."

மச்சானுக்குச் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலை. மத்தியானத்துக்கு மேல்தான் போவான். அவனுக்கும் பல்செட்காரருக்கும் பேச்சு அவ்வளவாகக் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் பட்டறைக்குள் வந்தவன், நாற்காலிமேல் இருந்த செட்டைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டான். அன்று முதல் அவனுக்குப் பட்டறையில் அனுமதி இல்லை.

பல்செட்காரர் மாடிப்படி ஏறினார். மச்சான் கட்டிலில் படுத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நாளைக்குக் காலைல கொஞ்சம் உக்காரணும்."

"எங்க?"

"வண்டியில. எனக்குப் பின்னாடி."

"எதுக்கு மாமா?"

"ஒண்ணுத்துக்கும் இல்ல. உக்காந்தா போதும்."

மச்சான் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

"ஆறு வருஷமா நான் எங்கயும் உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டு இருந்தீங்க."

"அது அந்த ரூம்ல."

"நான் அத ஒண்ணும் பண்ணல. அதுதான் என்னைக் கடிச்சுது."

"தெரியும்."

"நான் கத்தினப்ப நீங்க ஓடிவந்து எதைப் பாத்தீங்க? அது உடைஞ்சிருக்கான்னு பாத்தீங்க. என்னைப் பாக்கல."

நடந்தது அதுதான்.

"தப்புதான் மச்சான்."

"இன்னும் தழும்பு இருக்கு. காட்டவா?"

"வேணாம், நம்புறேன்."

மச்சான் மேலும் ஒரு சுளை தின்றான். பிறகு பாதி ஆரஞ்சை அவரிடம் நீட்டினான். "எத்தன மணிக்கு?" என்றான்.

காலையில் மச்சான் ஏறி உட்கார்ந்ததும் வண்டி நிதானமாக இறங்கி, ஒரு இடத்தில் நின்றது. மஞ்சள் ஸ்பிரிங் இத்தனை நாளும் இவனுக்காகத்தான் காத்திருந்ததுபோல இருந்தது. பெட்டியை மச்சான் வயிற்றின்மேல் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். மனைவி வாசலில் நின்று பார்த்தார். பழக்கத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், ஊதாமல் எடுத்துவிட்டார்.

முன்பல் வந்தது. வண்டி ஏறியது, இறங்கியது. அவ்வளவுதான். இன்னும் வரவில்லை என்று நினைத்துப் பல்செட்காரர் கண்ணாடியில் பார்த்தார். அது பின்னால் போய்க்கொண்டிருந்தது. கோரைப்பல்லில் லேசான ஒரு தாலாட்டு. மரக்கடை வாசலில் யாரோ மச்சானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"கையை எடுக்காத" என்றார் பல்செட்காரர்.

"என் ஃபிரண்டு மாமா."

"நாளைக்கு ஆட்டு."

மச்சான் தலையை மட்டும் ஆட்டினான். ஞானப்பல்லுக்கு முன்னால் பல்செட்காரர் கண்களை மூடிக்கொள்ள விரும்பினார். ஓட்டுகிறவர் அவர்தான் என்பதால் முடியவில்லை. சக்கரம் ஏறும்போது மூச்சைப் பிடித்தார். இறங்கியபின் எங்கும் எதுவும் இடிக்கவில்லை.

கிளினிக்கில் தலைமையாசிரியர் ஏற்கெனவே நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டரம்மா பெட்டியைத் திறந்து பற்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாயில் வைத்தார். கடிக்கச் சொன்னார். ஒரு சின்ன ஸ்கேலை மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே நிறுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பல்செட்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மச்சான் சுவரில் சாய்ந்திருந்தான்.

"ஏதாவது பேசிப் பாருங்க சார்" என்றார் டாக்டரம்மா.

தலைமையாசிரியர் என்ன பேசுவதென்று அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை மச்சானிடம் போய் நின்றது.

"சுவத்துல சாயாத. நேரா நில்லு."

ஒவ்வொரு எழுத்தும் அரிந்து வைத்ததுபோல விழுந்தது. மச்சான் சட்டென்று நிமிர்ந்தான். பல்செட்காரரும் நிமிர்ந்தார். வெளியே சீட்டுக் கொடுக்கும் பெண் மேஜையிலிருந்து முழங்கையை எடுத்தாள். டாக்டரம்மாவும் கொஞ்சம் நிமிர்ந்ததுபோல இருந்தது.

தலைமையாசிரியர் கண்ணாடியை வாங்கினார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். "இப்ப நான் யாரையும் பாத்து இளிக்கல" என்றார்.

"நேரா இருக்கு சார்" என்றார் டாக்டரம்மா, பல்செட்காரரைப் பார்த்து.

"என்ன டாக்டர்?"

"நேரா இருக்குன்னேன்."

முதல் தடவையே அவருக்குக் கேட்டிருந்தது. இன்னொரு தடவை கேட்டால் நன்றாக இருக்குமென்று தோன்றியது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா மெழுகு செட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். அலமாரியிலிருந்து புதிதாக எடுத்த அச்சுகள் மூன்றைக் கொண்டுவந்து, "இது அடுத்த வாரத்துக்கு" என்று தனிப் பையில் போட்டுக் கொடுத்தார். பல்செட்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் டாக்டரம்மா மச்சானைக் கவனித்தார். அவன் இன்னும் நேராக நின்றுகொண்டிருந்தான்.

"இவர் யாரு? புதுசா ஆள் சேத்திருக்கீங்களா?"

பல்செட்காரர் யோசித்தார்.

"வண்டியோட சேர்ந்தவரு டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. "அடுத்த தடவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்தார்கள். பையை ஹேண்டிலில் மாட்டினார். மச்சான் ஏறிக்கொண்டு, பெட்டியை வாங்கி வயிற்றின்மேல் வைத்தான். பல்செட்காரர் உதைத்து வண்டியைக் கிளப்பினார்.

"மாமா, பெட்டில இப்பவும் மெழுகுதானே இருக்கு?"

"ஆமா. வீட்டுக்குப் போய்த்தான் வார்க்கணும்."

"அப்படின்னா கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூச்சு விட்டுக்கறேன்."

பல்செட்காரர் திரும்பிப் பார்த்தார். மச்சானின் முகம் சிவந்திருந்தது.

"வரும்போது விடலையா?"

"கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். வயித்து மேல பெட்டி இருக்கில்ல, மூச்சு விட்டா ஏறி இறங்குது. உங்க பல்லு கோணிடுமேன்னு."

பல்செட்காரர் பெட்டியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டு, "விடு" என்றார்.

மச்சான் விட்டான். அது நீளமான மூச்சு. வண்டியின் பின்பக்கம் ஒரு விரல் உயரம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. இன்னொன்று இழுத்தான். அதையும் விட்டான். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் முழுவதும் விட்டு முடிக்கும்வரை பல்செட்காரர் கியர் போடவில்லை.